கூம்பு செல்களில் மரபணுக்கள் கட்டுப்படுத்தப்படும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை: குச்சி, கூம்பு. இவற்றில் வெளிச்சத்தில் நிறங்களைப் பார்க்க உதவுவது கூம்பு செல். விழித்திரையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டு, அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. முன்பே விளக்கப்பட்டதை மீண்டும் எழுதாமல், அந்தப் பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது என்றால், கூம்பு செல் மட்டும் எப்படிக் கூம்பு செல் ஆகிறது?

தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும்கூட, ஒளியை ஏற்கும் ஆப்சின் புரதத்துக்கான மரபணு முழுமையாகவே இருக்கிறது. அங்கே அது படிக்கப்படுவதில்லை, அவ்வளவுதான். ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்களில் எவை படியெடுக்கப்படுகின்றன, எவை மூடி வைக்கப்படுகின்றன என்பதே ஒரு செல்லின் தன்மையைத் தீர்மானிக்கிறது. படியெடுத்தல் என்பது மரபணுவின் வரிசையைத் தூது ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது, அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைக் கட்டுகிறது.

எந்த மரபணுவை எப்போது நகலெடுப்பது என்பதைப் படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள் முடிவு செய்கின்றன. மரபணுவை ஒட்டியுள்ள தொடக்கப் பகுதியிலோ, தொலைவிலிருந்து அதன் வேகத்தைக் கூட்டும் மேம்படுத்தும் பகுதியிலோ அவை வந்து அமர்கின்றன. இக்காரணிகளும் புரதங்களே என்பதால் அவற்றுக்கும் மரபணுக்கள் உண்டு. அவற்றை இயக்க வேறு காரணிகள் தேவை. ஆகவே, கூம்பு செல்லை உருவாக்கும் ஒற்றை மரபணு எது என்று தேடுவதைவிட, எந்த முடிவு எந்த முடிவுக்குப் பின் வருகிறது என்று கேட்பதே பயன் தரும்.

கூம்பு செல்லுக்கே உரிய மரபணு என்றால் ஆப்சின் ஒன்றுதானா?

இல்லை. ஒளி பட்டதும் ஆப்சின் ஒரு ஜி புரதத்தைத் தூண்டுகிறது, அது ஒரு நொதியைத் தூண்டுகிறது, அந்த நொதி சுழல் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைச் சிதைக்கிறது, அதனால் செல் உறையிலுள்ள அயனி வாயில்கள் மூடுகின்றன. இந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணிக்கும் கூம்பு செல்லிடம் தனி மரபணு உண்டு: ஜி புரதத்துக்கு ஜிஎன்ஏடி2, நொதிக்கு பிடிஇ6சி, வாயிலுக்கு சிஎன்ஜிஏ3, சிஎன்ஜிபி3. மங்கலான ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்லோ அதே வேலைக்கு ஜிஎன்ஏடி1, பிடிஇ6ஏ, பிடிஇ6பி, சிஎன்ஜிஏ1 என்று இன்னொரு தொகுப்பை வைத்திருக்கிறது.

எனவே கட்டுப்பாடு என்பது ஒரு மரபணுவைத் திறப்பதாக இல்லாமல், ஒரு தொகுப்பை ஒட்டுமொத்தமாகத் திறந்து மற்றொரு தொகுப்பை ஒட்டுமொத்தமாக மூடுவதாக இருக்கிறது. கூம்புத் தொகுப்பில் ஒரு கண்ணி அறுந்தாலும் மூன்று வகைக் கூம்புகளும் செயலிழக்கின்றன. முழு நிறக்குருடு எனப்படும் நிலை பெரும்பாலும் சிஎன்ஜிஏ3, சிஎன்ஜிபி3 ஆகியவற்றின் பழுதால் வருகிறது.

குச்சியா கூம்பா என்பதை எது முடிவு செய்கிறது?

அதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்: இந்தச் செல் ஒளியுணர் செல்லாக ஆக வேண்டும் என்பது. அதை எடுப்பது ஓடிஎக்ஸ்2 என்ற காரணி. எலியின் வளரும் விழித்திரையில் அதை நீக்கினால், ஒளியுணர் செல்லாக ஆக வேண்டியவை வேறு வகை நரம்பு செல்களின் சாயலைப் பெறுகின்றன. ஓடிஎக்ஸ்2 அடுத்ததாக சிஆர்எக்ஸ் என்ற காரணியை இயக்குகிறது. 1997-இல் கண்டறியப்பட்ட இந்த சிஆர்எக்ஸ், குச்சி மரபணுக்கள், கூம்பு மரபணுக்கள் இரண்டின் முன்னும் அமர்கிறது. ஆகையால் அது ஒளியுணர் செல் என்ற பொதுத் தன்மையை மட்டுமே தருகிறது, வகையைப் பிரிப்பதில்லை.

வகையைப் பிரிப்பது என்ஆர்எல். அது இருக்கும் செல் குச்சி ஆகிறது. என்ஆர்எல் தன் பங்குக்கு என்ஆர்2இ3 என்ற காரணியை இயக்குகிறது. இருவரும் சிஆர்எக்ஸுடன் சேர்ந்து குச்சி மரபணுக்களை முடுக்கிவிட, என்ஆர்2இ3 கூம்பு மரபணுக்களை அடக்கவும் செய்கிறது. 2001-இல் என்ஆர்எல் நீக்கப்பட்ட எலிகளில் ஒரு குச்சி கூட உருவாகவில்லை; அவற்றின் இடத்தில் நீலக் கூம்பை ஒத்த செல்களே நிறைந்திருந்தன. 2007-இல் இதன் மறுதலையும் செய்து காட்டப்பட்டது: கூம்பாக வேண்டிய முன்னோடி செல்களில் என்ஆர்எல்லை வலிந்து இயக்கியபோது அவை குச்சிகளாகின, கூம்பே இல்லாத விழித்திரை உருவானது.

அப்படியானால் எதுவுமே செய்யாமல் விட்டால் கூம்பு தானாக வந்துவிடும் என்று சொல்லலாமா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. என்ஆர்எல் இல்லாத இடத்தில் நீலக் கூம்பு போன்ற செல் வருவதால் அது இயல்பான வழி போலத் தோன்றுகிறது. மனிதரிலும் இதற்குச் சான்று இருக்கிறது: என்ஆர்2இ3 பழுதானவர்களுக்கு நீலக் கூம்புகள் மிகுந்தும் குச்சிகள் குன்றியும் போகும் ஒரு நோய் வருகிறது.

ஆனால் 'எதுவுமே செய்யாமல்' என்பது தவறு. ஓடிஎக்ஸ்2, சிஆர்எக்ஸ் இரண்டும் இல்லாமல் அந்த இயல்பான வழியே இல்லை. மேலும், ஓடிஎக்ஸ்2 காரணியும் ஒன்கட்1 என்ற காரணியும் ஒரே முன்னோடி செல்லில் சேரும்போது டிஎச்ஆர்பி என்ற மரபணுவின் மேம்படுத்தும் பகுதி இயங்கத் தொடங்கி, அந்தச் செல்வழியைக் கூம்பின் பக்கம் சாய்க்கிறது என்று 2013-இல் காட்டப்பட்டது. ஆகவே கூம்பு என்பது வெறுமையில் முளைப்பது அன்று; அதற்கும் ஆட்சி தேவை. குச்சியின் ஆட்சி அதன்மேல் ஏறி அமர்வதால்தான் அது மறைகிறது என்று சொல்வது பொருந்தும்.

நீலம், பச்சை, சிவப்புக் கூம்புகள் மூன்றும் ஒரே சமயத்தில் பிரிகின்றனவா?

இல்லை, இரண்டு படிகளில் பிரிகின்றன; இந்தப் பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று இருக்குமானால் அது இதுதான். முதலில் நீலமா, அல்லது சிவப்பு–பச்சை இணையா என்று முடிவாகிறது. பின்னர், தனியாக, சிவப்பா பச்சையா என்று முடிவாகிறது. முதல் படியை ஹார்மோன் நடத்துகிறது. இரண்டாம் படி முற்றிலும் வேறு வகையானது.

நிறப்பெயர்கள் வழக்குக்காகச் சொல்லப்படுபவை. நீலக் கூம்பு 420 நானோமீட்டர் அளவிலும், பச்சைக் கூம்பு 530 அளவிலும், சிவப்புக் கூம்பு 560 அளவிலும் ஒளியை மிகுதியாக ஏற்கின்றன. கடைசி அலைநீளம் உண்மையில் மஞ்சள் கலந்த பச்சையே. நீல ஆப்சின் மரபணு 7-ஆம் குரோமோசோமில் தனியே இருக்கிறது. சிவப்பு, பச்சை மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜெரெமி நேதன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் இவற்றைப் பிரித்தெடுத்தபோது, சிவப்பு, பச்சைப் புரதங்கள் இரண்டும் ஏறத்தாழ 96 விழுக்காடு ஒன்றுபோல் இருப்பது தெரிந்தது.

தைராய்டு ஹார்மோனுக்கும் நிறப்பார்வைக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன டிஎச்ஆர்பி மரபணு தைராய்டு ஹார்மோனின் ஏற்பியைத் தருகிறது. அதன் ஒரு வடிவமான டிஆர் பீட்டா2 கூம்புகளில் சிறப்பாக வெளிப்படுகிறது. இந்த ஏற்பி செல்லின் உறையில் இருப்பதில்லை, உட்கருவுக்குள் டி.என்.ஏ. மீதே அமர்ந்திருந்து, ஹார்மோன் வந்து சேர்ந்ததும் மரபணுக்களை இயக்குகிறது அல்லது அடக்குகிறது. 2001-இல் டிஆர் பீட்டா2 நீக்கப்பட்ட எலிகளில், நம் பச்சை ஆப்சினுக்கு இணையான நடு அலைநீள ஆப்சின் முற்றிலும் காணாமல் போய் எல்லாக் கூம்புகளும் நீல ஆப்சினுக்கு இணையான குறு அலைநீள ஆப்சினையே வெளிப்படுத்தின. ஆக, இந்த ஏற்பி ஒன்றை இயக்கி மற்றொன்றை அடக்குகிறது.

இவ்விரு வேலைகளும் ஒன்றே அல்ல என்பதும் தெரிந்திருக்கிறது. ஆர்எக்ஸ்ஆர் காமா என்ற துணை ஏற்பியை நீக்கிய எலிகளில், நீல ஆப்சின் அடக்கப்படாமல் எல்லாக் கூம்புகளிலும் வெளிப்பட்டது; நடு அலைநீள ஆப்சினோ வழக்கம்போலவே இருந்தது. அடக்குவதற்குத் தேவைப்படும் கூட்டாளி, இயக்குவதற்குத் தேவைப்படவில்லை.

ஹார்மோன் இரத்தத்தில் உடல் முழுதும் ஓடுகிறதே. கூம்புக்கு மட்டும் நேரம் பார்த்து எப்படிப் போய்ச் சேர்கிறது?

நல்ல கேள்வி, இதற்கு விடை விழித்திரைக்குள்ளேயே இருக்கிறது. ஹார்மோனின் செயல்வலுக் குறைந்த டி4 வடிவத்தை வலு மிக்க டி3 வடிவமாக மாற்றும் நொதி ஒன்றும், டி3-ஐச் சிதைக்கும் நொதி ஒன்றும் திசுவிலேயே உண்டு. மனித ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட சிறு விழித்திரைகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் சிதைக்கும் நொதியும் பின்னர் மாற்றும் நொதியும் ஓங்குவது தெரிந்தது. அதனால் முதலில் ஹார்மோன் குறைந்த சூழலில் நீலக் கூம்புகளும், பிறகு ஹார்மோன் மிகுந்த சூழலில் சிவப்பு–பச்சைக் கூம்புகளும் உருவாகின்றன. மனிதக் கருவிலும் நீல ஆப்சின் சில வாரங்கள் முன்னதாகவே தோன்றுகிறது.

அதே ஆய்வில், ஏற்பியை நீக்கியபோது ஏறத்தாழ எல்லாக் கூம்புகளும் நீலமாகவும், டி3-ஐ முன்கூட்டியே சேர்த்தபோது பெரும்பாலானவை சிவப்பு–பச்சையாகவும் ஆயின. எலியைப் பற்றிச் சொன்னதெல்லாம் மனிதருக்கும் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, இந்தப் படியைப் பொறுத்தவரை இதுவே பதில்.

சிவப்பா பச்சையா என்பதையும் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறதா?

இந்த இரண்டாம் படியில் முதன்மையாக வேலை செய்வது டி.என்.ஏ.வின் அமைப்பே. சிவப்பு மரபணுவுக்குச் சுமார் 3,500 எழுத்துகள் முன்னால் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. அதற்குப் பின் சிவப்பு மரபணு, அதற்குப் பின் ஒன்றோ பலவோ பச்சை மரபணுக்கள் என்று வரிசை அமைந்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றே ஒன்று. அதை எதிர்பார்த்து நிற்கும் தொடக்கப் பகுதிகளோ பல. டி.என்.ஏ. வளைந்து கொடுப்பதால், கட்டுப்பாட்டுப் பகுதி சிவப்பின் தொடக்கப் பகுதியைத் தொடலாம், அல்லது அதைத் தாண்டி ஏறத்தாழ 40,000 எழுத்துகளுக்கு அப்பாலுள்ள பச்சையின் தொடக்கப் பகுதியைத் தொடலாம். ஒரே சமயத்தில் இரண்டையும் தொட இயலாது. எதைத் தொட்டுப் பற்றிக்கொள்கிறதோ அந்தக் கூம்பு அந்த நிறம்.

இதை நம்பத் தயங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 1999-இல் எலிகளில் நடந்த சோதனையை. எலியின் எக்ஸ் குரோமோசோமில் ஒரே ஓர் ஆப்சின் மரபணுதான் உண்டு. அதன் பரம்பரையில் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவையே எழுந்ததில்லை. ஆயினும் மனிதரின் கட்டுப்பாட்டுப் பகுதியையும், சிவப்பு, பச்சைத் தொடக்கப் பகுதிகளையும் எலியில் புகுத்தியபோது, பெரும்பாலான கூம்புகள் இரண்டில் ஒன்றையே வெளிப்படுத்தின. சிவப்புக் கூம்புக்கென ஒரு காரணி, பச்சைக் கூம்புக்கென ஒரு காரணி என்று எலியின் செல்லில் காத்திருந்திருக்க வாய்ப்பில்லை. தேர்வு அந்த வரிசைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் ஒரு விளைவும் உண்டு. வரிசையில் எத்தனை மரபணுக்கள் இருந்தாலும் பொதுவாக முதல் இரண்டு மட்டுமே வெளிப்படுகின்றன. அதனால் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் கலந்த பழுதான கலப்பு மரபணு மூன்றாம் இடத்தில் இருந்தால் அவருடைய நிறப்பார்வை இயல்பாகவே இருக்கக் கூடும். அதே மரபணு இரண்டாம் இடத்தில் இருந்தால் குறை வெளிப்படும்.

வெறும் தற்செயல் என்றால் எல்லோருக்கும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டாமா?

தற்செயல் என்றால் சம வாய்ப்பு என்று பொருளில்லை. ஒரு பக்கம் கனமான பகடையும் தற்செயலாகத்தான் விழுகிறது. கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அருகில் இருப்பது சிவப்பு என்பதால் அதற்கு வாய்ப்பு கூடுதலாக அமைவது இயல்பே. சராசரியாகப் பச்சையைப் போல் இரு மடங்கு சிவப்புக் கூம்புகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் இயல்பான நிறப்பார்வை உள்ளவர்களிடையேகூட இந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதிலிருந்து பத்து மடங்குக்கும் மேலாக மாறுபடுகிறது.

இங்கே என் முந்தைய பதிலைச் சற்றுத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். 2024-இல் வெளியான ஆய்வில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித விழித்திரைகளுக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலத்தை வளர்ச்சியின் தொடக்கத்தில் கொடுத்தபோது பச்சைக் கூம்புகள் மிகுந்தன. ஆகவே பகடை தானாக உருண்டாலும், அதன் கனத்தை வளர்ச்சிக் காலச் சூழல் மாற்ற முடியும் போலும்.

பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கிறதே. ஒரு கூம்பில் இரண்டு வரிசைகளும் வேலை செய்யாதா?

செய்யாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே அடக்கப்பட்டுவிடுகிறது. முதலில் எந்த எக்ஸ் என்பதும், பின்னர் அதற்குள் எந்த மரபணு என்பதும் ஆக இரு தேர்வுகள் நடக்கின்றன. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள் பலவற்றில் எக்ஸ் குரோமோசோமில் ஒரே ஓர் ஆப்சின் மரபணுதான் உண்டு. அதற்குப் பல வடிவங்கள் வழங்குவதால், இரு வேறு வடிவங்களைப் பெற்ற பெண் குரங்குகள் மூவண்ணப் பார்வை பெறுகின்றன, ஆண்கள் பெறுவதில்லை.

நிறக்குருடு என்பது மரபணுவின் பழுதா, கட்டுப்பாட்டின் பழுதா?

பெரும்பாலும் மரபணு வரிசையின் பழுது. சிவப்பும் பச்சையும் மிகவும் ஒத்திருப்பதால், இனப்பெருக்க செல் உருவாகும்போது எக்ஸ் குரோமோசோம்கள் தவறான இடத்தில் இணைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன; மரபணு தொலைவதும் கலப்பு மரபணு பிறப்பதும் அதனால்தான். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறை உண்டு.

கட்டுப்பாடே பழுதானதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, நீலக் கூம்பு மட்டும் செயல்படும் அரிய நிலை. 1989-இல் ஆராயப்பட்ட குடும்பங்கள் சிலவற்றில், மேலே சொன்ன கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் நீங்கியிருந்தது. சிவப்பு, பச்சை மரபணுக்கள் எழுத்துப் பிழையின்றி அப்படியே இருந்தும் இரண்டுமே மௌனமாயின. அந்தப் பகுதியின் முக்கியத்துவம் தெரியவந்ததே இந்தக் குடும்பங்களால்தான். இன்னொரு வகையும் உண்டு: ஆப்சின் மரபணுவின் மூன்றாம் எக்ஸானில் (எக்ஸான் என்பது வெட்டி ஒட்டிய பின்னும் தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் துண்டு) சில அரிய எழுத்துச் சேர்க்கைகள் அமைந்தால், தூது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது அந்த எக்ஸானே விடுபட்டுப் போகிறது. படியெடுத்தல் சரியாக நடந்தும் புரதம் கிடைப்பதில்லை.

ஒரு கூம்பில் ஓர் ஆப்சின் என்பது மாறாத விதியா?

மனிதரில் ஏறக்குறைய ஆம். எலியில் இல்லை: அதன் கூம்புகளில் பல, இரண்டு ஆப்சின்களையும் சேர்த்தே வெளிப்படுத்துகின்றன. விழித்திரையின் மேற்புறத்தில் நடு அலைநீள ஆப்சின் மேலோங்கியும், கீழ்ப்புறத்தில் குறு அலைநீள ஆப்சின் மேலோங்கியும் இருக்கும். மேற்புறத்தில் டி3 கூடுதலாக இருப்பது இதனோடு பொருந்துகிறது.

ஒருமுறை முடிவான பிறகு கூம்பு மனம் மாறுமா?

வகை மாறுவதில்லை, ஆனால் முடிவைக் காத்துக்கொள்ளத் தொடர்ந்து வேலை நடக்க வேண்டியிருக்கிறது. முதிர்ந்த எலிகளில் தைராய்டு ஹார்மோனைக் குறைத்தபோது, கூம்புகளின் ஆப்சின் குறு அலைநீளத்தின் பக்கம் நகர்ந்தது. ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தபோது மீண்டது. பூட்டு ஒருமுறை போட்டதோடு முடிவதில்லை, யாராவது அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் நுண் ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு. தூது ஆர்.என்.ஏ.வோடு இணைந்து அதை அடக்கும் சிறு துண்டுகள் இவை. 2014-இல் முதிர்ந்த எலிகளின் கூம்புகளில் மட்டும் நுண் ஆர்.என்.ஏ. உருவாக்கத்தை நிறுத்தியபோது, ஆப்சின் நிறைந்த வெளிக்கண்டம் படிப்படியாகச் சிதைந்தது; எம்ஐஆர்-182, எம்ஐஆர்-183 ஆகிய இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்ததே அச்சிதைவைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது.

பகல், இரவுக்கு ஏற்ப மரபணு வெளிப்பாடு மாறுமா?

அளவு மாறும், வகை மாறாது. கோழியின் கூம்பு ஆப்சினான அயோடாப்சினின் தூது ஆர்.என்.ஏ. நாளின் பொழுதுக்கேற்ப ஏறி இறங்குகிறது. வெளிச்சம் மாறாத சூழலிலும் செல்லின் உள்கடிகாரத்தால் இந்த ஏற்ற இறக்கம் தொடர்வது 1993-இல் காட்டப்பட்டது. வெளிக்கண்டத்தின் நுனி தொடர்ந்து உதிர்ந்து அடியிலிருந்து புதுப்பிக்கப்படுவதால், ஆப்சின் உற்பத்தி வாழ்நாள் முழுதும் நிற்பதில்லை.

வளர்ந்த கண்ணில் புதிய ஆப்சின் மரபணுவைச் செலுத்தினால், ஏற்கெனவே தேர்வு முடிந்த கூம்பு அதை ஏற்குமா?

ஏற்கிறது. 2009-இல் வெளியான சோதனையில், பிறவியிலேயே சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத ஆண் அணில் குரங்குகளின் விழித்திரையில், மனிதச் சிவப்பு ஆப்சின் மரபணு வைரஸ் ஒன்றின் வழியாகச் செலுத்தப்பட்டது. அதனோடு, கூம்பில் மட்டும் இயங்கும்படி அந்த மரபணுவுக்கே உரிய கட்டுப்பாட்டுப் பகுதியும் தொடக்கப் பகுதியும் இணைக்கப்பட்டிருந்தன. சில மாதங்களில் அக்குரங்குகள் முன்பு தவறவிட்ட நிறங்களைப் பிரித்தறியத் தொடங்கின.

'ஒரு கூம்பு, ஓர் ஆப்சின் என்றீர்களே' என்ற மறுப்பு உடனே எழும். அந்த விலக்கு செல்லின் விதி அல்ல, ஒரே கட்டுப்பாட்டுப் பகுதிக்காகப் போட்டியிடும் ஒரு வரிசையின் விதி. சிவப்பா பச்சையா என்ற கேள்விக்கான பதிலை மீண்டும் பார்த்தால் இது விளங்கும். வைரஸ் கொண்டுவந்த மரபணு தனக்கான கட்டுப்பாட்டுப் பகுதியைத் தானே சுமந்து வந்ததால், அது குரங்கின் சொந்த மரபணுவோடு போட்டியிட நேரவில்லை. இரண்டும் ஒரே கூம்பில் அருகருகே வெளிப்பட்டன.